எல்லைச் சாலைகள் யாருக்காகத் திறக்கப்பட வேண்டும்?



அசாமின் கிழக்குக் கோடியில், தின்சுகியா மாவட்டத்தில், லெடோ என்ற சிறிய நிலக்கரி நகரம் இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் சாலை அருணாச்சலப் பிரதேசத்தின் ஜெய்ராம்பூர், நாம்பொங் ஆகிய ஊர்களைக் கடந்து, பாங்சாவ் கணவாயில் மியான்மர் எல்லையைத் தொடுகிறது. இந்திய மண்ணில் அதன் நீளம் சுமார் 61 கிலோமீட்டர் மட்டுமே. கணவாய்க்கு அப்பால் ஹூகாங் பள்ளத்தாக்கு, மிச்சினா, பாமோ வழியாக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் மியான்மருக்குள் சென்று, பழைய பர்மாச் சாலையுடன் இணைந்து, சீனத்தின் யுன்னான் மாநிலத் தலைநகரான குன்மிங்கை அடைகிறது. அமெரிக்கத் தளபதி ஸ்டில்வெல்லின் பெயரால் அறியப்பட்ட இந்தச் சாலையை மீண்டும் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை வடகிழக்கு மாநிலங்களில் நீண்ட காலமாக எழுந்துவருகிறது. நாது லா, லிப்புலேக், மோரே, உரி, அட்டாரி என்று இதே கோரிக்கைக்குரிய வாசல்கள் நாட்டின் எல்லை நெடுகிலும் உள்ளன.

கோரிக்கை நியாயமானது. ஆனால் "பழைய சாலைகள்" என்றவுடன் பட்டுப்பாதையின் பெருமையையும் ஒட்டகங்களின் மணியோசையையும் பாடத் தொடங்கிவிடுவது ஆளும் வர்க்க எழுத்தாளர்களின் வழக்கம். இந்தச் சாலைகளை வெட்டியவர்கள் யார், அவற்றின் வழியே சென்றது எது, மூடப்பட்டபோது வாழ்விழந்தவர்கள் யார் என்ற கேள்விகளிலிருந்து தொடங்குவதே முறை.

காட்டை வெட்டியவர்கள்

1942 தொடக்கத்தில் ஜப்பானிய ராணுவம் ரங்கூனைக் கைப்பற்றியது. லாஷியோ வீழ்ந்ததும் பர்மாச் சாலை அறுபட்டது. 1937-38 ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டு லட்சம் சீனத் தொழிலாளர்கள் பெரும்பாலும் கைக்கருவிகளாலேயே உருவாக்கிய சாலை அது. ஜப்பானிய பாசிசத்தை எதிர்த்துப் போரிட்ட சீனத்துக்கு ஆயுதமும் எரிபொருளும் மருந்தும் தரைவழியே செல்ல வேறு பாதை இல்லை. இமயத்தின் மேலாக விமானத்தில் கொண்டுசெல்வதற்கோ அளவு உண்டு. அதனால்தான் 1942 டிசம்பரில் லெடோவிலிருந்து புதிய சாலை வெட்டும் பணி தொடங்கியது.

அந்தப் பணியில் ஈடுபட்ட அமெரிக்கப் படையினர் சுமார் 15,000 பேர். அவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். ஜனநாயகத்தைக் காக்கப் போரிடுவதாக முழங்கிய அரசு, தன் சொந்த ராணுவத்திலேயே நிறவெறிப் பிரிவினையைக் கடைப்பிடித்தது. துப்பாக்கியுடன் முன்வரிசைக்கு அனுப்பத் தகுதியற்றவர்கள் என்று கருதப்பட்டவர்களிடம் மண்வெட்டியும் புல்டோசரும் கொடுக்கப்பட்டன. அவர்களோடு உழைத்த இந்திய, பர்மிய, சீனத் தொழிலாளர்கள் சுமார் 35,000 பேர். போர்க்காலச் சாலைப் பணிகளுக்காக அசாம் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தோட்ட முதலாளிகளின் சங்கமே கூலித் தொழிலாளர்களைத் திரட்டி அனுப்பியது. மலேரியா, மண்சரிவு, ஓயாத மழை, ஜப்பானியத் தாக்குதல் ஆகிய அனைத்தையும் தாண்டி அந்தச் சாலை முன்னேறியது. இறந்த அமெரிக்கர்களின் எண்ணிக்கை 1,100க்கு மேல் என்று பதிவாகியிருக்கிறது. ஒரு மைலுக்கு ஓர் உயிர் என்று அதைச் சொல்வார்கள். இந்தக் கணக்கில் இந்தியக் கூலியும் கச்சின் கூலியும் சேர்க்கப்படவில்லை.

1945 ஜனவரி 12 அன்று லெடோவிலிருந்து புறப்பட்ட 113 வாகனங்கள் கொண்ட முதல் அணி பிப்ரவரி 4 அன்று குன்மிங்கை அடைந்தது. அடுத்த சில மாதங்களில் போரே முடிந்துவிட்டது. பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவிட்டு அமைக்கப்பட்ட சாலை கைவிடப்பட்டது; பாலங்கள் சரிந்தன; காடு தன் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

இந்தச் சாலைக்கு முன்பே, அதே பாங்சாவ் கணவாய் வழியாகவும், தெற்கே தாமு–பலேல் வழியாகவும் மற்றொரு பெருங்கூட்டம் நடந்து வந்தது. 1942இல் பர்மாவிலிருந்து உயிர் தப்பி வந்த இந்தியர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். கூலிகள், சுமைதூக்குவோர், ரிக்ஷா இழுப்போர், துப்புரவுத் தொழிலாளர்கள் எனத் தமிழ், தெலுங்கு, ஒடியா பேசும் ஏழைகள் அவர்களில் ஏராளம். பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் வழியிலேயே மாண்டனர். இரண்டாண்டுக்குப் பின் இதே தாமு வழியில்தான் இந்திய தேசிய ராணுவம் மணிப்பூருக்குள் நுழைந்தது. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் அதில் கணிசமாக இருந்தனர்.

மோரேயில் தமிழ்

1962இல் பர்மாவில் நெ வின் தலைமையிலான ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தொடர்ந்து வந்த தேசியமயத்தில் இந்தியர்களின் கடைகளும் உடைமைகளும் பறிக்கப்பட்டன, லட்சக்கணக்கானோர் வெளியேறினர். கப்பலில் வந்து இறங்கியவர்களின் பெயரால்தான் சென்னையில் பர்மா பஜார் இருக்கிறது. அகதி முகாம்களில் வாழ முடியாமல், பிறந்த மண்ணுக்கே திரும்பிவிடலாம் என்று வடகிழக்கு வழியாக நடந்தவர்களும் உண்டு. எல்லையில் தடுக்கப்பட்ட அவர்கள் மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. மெய்தி, குக்கி, நேபாளி, பஞ்சாபி, தமிழர் எனப் பலரும் அக்கம்பக்கத்தில் கடை வைத்திருந்த ஊர் அது.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். பர்மியர்களின் இந்திய வெறுப்பு வானத்திலிருந்து விழுந்ததல்ல. பிரிட்டிஷ் ஆட்சியில் எல்லை என்ற தடையே இல்லாமல் மூலதனம் பாய்ந்தது. 1930களின் பெருமந்தத்தில் கடனைத் திருப்ப முடியாத பர்மிய விவசாயிகளின் நிலங்கள் கைமாறின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விளைநிலம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கைக்குச் சென்றிருந்தது. வட்டித்தொழில் செய்த முதலாளி வேறு, ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன் வேறு. ஆனால் வெறுப்பு மூண்டபோது அடிபட்டவன் மூட்டை சுமந்தவன்தான். "தடையற்ற வணிகம்" என்ற முழக்கத்தை அப்படியே ஏற்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

திபெத்தின் கதையும் இதுவே. 1903-04இல் யங்ஹஸ்பண்ட் தலைமையிலான பிரிட்டிஷ் படை, நாது லாவின் அண்டைக் கணவாயான ஜெலெப் லா வழியாக நுழைந்தது. குரு என்ற இடத்தில் பழைய துப்பாக்கிகளும் வாள்களும் வைத்திருந்த நூற்றுக்கணக்கான திபெத்தியர்கள் மாக்சிம் துப்பாக்கிகளுக்குச் சில நிமிடங்களில் இரையானார்கள். அதன் விளைவாகத் திணிக்கப்பட்ட ஒப்பந்தத்தில் யாதுங், கியாண்ட்சே, கார்டோக் ஆகிய ஊர்கள் வணிகச் சந்தைகளாகத் திறக்கப்பட்டன. அதற்குப் பெயரும் "சாலை திறப்பு"தான்.

பஞ்சசீலத்தின் ஆறு கணவாய்கள்

விடுதலைக்குப் பின் இந்தியாவும் மக்கள் சீனமும் 1954 ஏப்ரல் 29 அன்று செய்துகொண்ட ஒப்பந்தம் முற்றிலும் வேறு அடிப்படையில் அமைந்தது. பஞ்சசீலக் கோட்பாடுகள் அந்த ஒப்பந்தத்தின் முகவுரையில்தான் முதன்முதலாக இடம்பெற்றன என்பதைப் பலரும் அறிவார்கள். அது அடிப்படையில் ஒரு வணிக ஒப்பந்தம் என்பதும், ஷிப்கி லா, மானா, நீதி, குங்ரி பிங்ரி, தர்மா, லிப்புலேக் என ஆறு கணவாய்களின் பெயர்கள் அதில் குறிக்கப்பட்டிருந்தன என்பதும் பொதுவாக மறக்கப்பட்டுவிட்டன. யாத்திரிகர்களும் சிறு வணிகர்களும் மேய்ப்பர்களும் அந்த வழிகளில் சென்றுவர உரிமை பெற்றிருந்தார்கள்.

1962இல் ஒப்பந்தம் காலாவதியானது. அந்த ஆண்டிலேயே போரும் மூண்டது. தானியத்தைக் கொண்டுசென்று உப்பும் கம்பளியும் கொண்டுவந்து வாழ்ந்த குமாவூன், கட்வால் மலைகளின் போட்டியா மக்களின் பொருளாதாரம் ஒரே குளிர்காலத்தில் நொறுங்கியது. ஜோஹார் பள்ளத்தாக்கின் மிலம் ஒரு காலத்தில் அந்தப் பகுதியின் பெரிய வணிக ஊர். இன்று இடிந்த கல்வீடுகளே மிச்சம். 1967இல் அம்மக்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டு இட ஒதுக்கீடு கிடைத்ததால் ஒரு பகுதியினர் அரசுப் பணிகளுக்குச் சென்று தப்பினார்கள். திபெத்தியக் கம்பளி கோவேறு கழுதைகளின் முதுகில் வந்து இறங்கிய கலிம்போங் நகரமும் அன்று படுத்ததுதான்.

44 ஆண்டுகளுக்குப் பின், 2006 ஜூலை 6 அன்று நாது லா திறக்கப்பட்டது. 14,000 அடிக்கு மேல் உயரமுள்ள அந்தக் கணவாயில் இரு நாட்டு அதிகாரிகளும் கைகுலுக்கிய படங்கள் உலகெங்கும் வெளிவந்தன. ஆனால் அனுமதிக்கப்பட்ட பொருள் பட்டியலைப் படித்தவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். இந்தியாவிலிருந்து 29 பொருள்கள், திபெத்திலிருந்து 15 பொருள்கள். யாக் வால், ஆட்டுத்தோல், வெண்காரம், குதிரை, வெண்ணெய் என்று ஐம்பதுகளின் மேய்ச்சல் பொருளாதாரத்துக்கு உரிய பட்டியல் அது. 2012இல் சில பொருள்கள் சேர்க்கப்பட்டன. ஆண்டில் பாதிக் காலம், வாரத்தில் நான்கு நாட்கள் மட்டுமே சந்தை. 2017 டோக்லாம் நெருக்கடியும் அதற்குப் பின் 2020 பெருந்தொற்றும் அதையும் முடக்கின.

இந்தக் கதவடைப்புக்குச் சொல்லப்படும் காரணம் தேசப் பாதுகாப்பு. கல்வானில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்த 2020க்குப் பிறகு சீனத்துடனான வணிகம் நின்றுவிட்டதா? 2024-25 நிதியாண்டில் இரு நாடுகளுக்கும் இடையிலான சரக்கு வணிகம் 127 பில்லியன் டாலரைத் தாண்டியது. அதில் இந்தியாவின் பற்றாக்குறை மட்டும் ஏறத்தாழ 99 பில்லியன் டாலர். மின்னணுக் கருவிகளும் மருந்து மூலப்பொருள்களும் கப்பல் கப்பலாகப் பெருநிறுவனங்களின் கிடங்குகளுக்கு வந்துகொண்டேயிருக்கின்றன. அவற்றால் தேசத்துக்கு ஆபத்து எதுவுமில்லை. சிக்கிமின் சிறு வியாபாரி ஒரு வண்டிக் கம்பளியைக் கொண்டுவந்தால் மட்டும் ஆபத்து வந்துவிடுகிறது! உண்மையில் மூடப்பட்டிருப்பது எளியவர்களின் வாசல் மட்டுமே.

காஷ்மீரில் நடந்ததும் இதிலிருந்து வேறுபட்டதல்ல. 2005 ஏப்ரல் 7 அன்று ஸ்ரீநகர்–முசாபராபாத் பேருந்து ஓடியபோது, அரை நூற்றாண்டுக்கு மேல் பிரிந்திருந்த சகோதரர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். 2008 அக்டோபரில் கட்டுப்பாட்டுக் கோட்டின் குறுக்கே வணிகமும் தொடங்கியது: 21 பொருள்கள், தீர்வை இல்லை, பணமும் இல்லை, பண்டமாற்று மட்டும். வங்கி வசதி தரப்படவில்லை. தொலைபேசித் தொடர்பும் சரிவர அனுமதிக்கப்படவில்லை. அப்படியும் அந்த வணிகம் பத்தாண்டுகள் பிழைத்தது. 2019 ஏப்ரலில் ஒரே ஆணையில் ஒன்றிய அரசு அதை நிறுத்தியது. ஆயுதமும் போதைப்பொருளும் கடத்தப்படுவதாகக் காரணம் கூறப்பட்டது. கடத்தல் இருந்தால் சோதனையைக் கடுமையாக்க வேண்டும்; குற்றவாளியைப் பிடிக்க வேண்டும். சலாமாபாத்தில் மூட்டை இறக்கியவரும் லாரி ஓட்டியவரும் என்ன குற்றம் செய்தார்கள்? 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 அப்பாவிகளைப் பயங்கரவாதிகள் சுட்டுக்கொன்ற பின்னர் அட்டாரி வாசலும் மூடப்பட்டது. அந்தக் கொலைபாதகத்தை நடத்தியவர்களும் ஏவியவர்களும் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அட்டாரியின் சுமைதூக்கும் தொழிலாளி வேலையிழப்பதால் எந்தப் பயங்கரவாதியும் பலவீனமடையப் போவதில்லை. இஸ்லாமாபாத்தின் ராணுவ ஆதிக்கத்துக்கும் மூடிய எல்லையே உகந்தது.

வடகிழக்கின் மூச்சுத்திணறல்

தேசப்பிரிவினைக்கு முன் அசாமின் தேயிலை ஆற்றுவழியே கல்கத்தாவுக்கும், ரயிலில் சிட்டகாங் துறைமுகத்துக்கும் சென்றது. 1947இல் கோடு கிழிக்கப்பட்டது. எஞ்சியிருந்த ரயில், ஆற்றுவழித் தொடர்புகளும் 1965 போரில் அறுபட்டன. இன்று வடகிழக்கு மாநிலங்களின் எல்லையில் 98 சதவீதம் அந்நிய நாடுகளுடனானது. நாட்டின் பிற பகுதிகளோடு அவற்றை இணைப்பது மிகக் குறுகிய இடத்தில் 20 கிலோமீட்டர் அளவே அகலமுள்ள சிலிகுரி வழித்தடம். அகர்தலாவிலிருந்து கொல்கத்தாவுக்கு அந்த வழியாகச் சுற்றிவர 1,600 கிலோமீட்டர். வங்கதேசத்தின் குறுக்கே சென்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு தூரம்தான். திரிபுராவின் தெற்கு முனையான சப்ரூமிலிருந்து சிட்டகாங் துறைமுகம் சுமார் 80 கிலோமீட்டர்.

இதை மாற்ற முடியும் என்பதற்குத் திரிபுராவிலேயே முன்னுதாரணம் உண்டு. இடது முன்னணி அரசின் காலத்தில் பாலடானாவில் 726 மெகாவாட் எரிவாயு மின் நிலையம் அமைக்கப்பட்டது. அதன் ராட்சத எந்திரங்களை மலைச்சாலையில் கொண்டுவர வழியே இல்லை. வங்கதேசம் தன் ஆற்றுவழியையும் அஷுகஞ்ச் துறைமுகத்தையும் திறந்துவிட்டது. சுங்கக் கட்டணமும் கேட்கவில்லை. 2016 மார்ச் முதல் திரிபுராவிலிருந்து வங்கதேசத்துக்கு 100 மெகாவாட் மின்சாரம் சென்றது. கொடுக்கல் வாங்கல் என்பது இதுதான். அந்தப் பணியின்போது டிடாஸ் ஆற்றின் குறுக்கே தற்காலிகச் சாலைக்காக மண்ணணை போடப்பட்டு, அங்குள்ள மீனவர்களும் விவசாயிகளும் பாதிக்கப்பட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. நட்பு நாட்டின் ஏழை மக்களின் ஆறு, சாலைக்கான கச்சாப் பொருள் அல்ல.

கிழக்கு நோக்கிய வாசல்தான் இன்று மிகப் பெரிய நெருக்கடியில் இருக்கிறது. 1994இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி 1995 ஏப்ரலில் மோரே–தாமு வணிகம் தொடங்கியது. 2001இல் இந்தியா அமைத்துக் கொடுத்த 160 கிலோமீட்டர் தாமு–கலேமியோ–கலேவா நட்புச் சாலை திறக்கப்பட்டது. மோரேயிலிருந்து தாய்லாந்தின் மே சோட் வரை 1,360 கிலோமீட்டர் முத்தரப்பு நெடுஞ்சாலை என்ற திட்டம் 2002இலிருந்து பேசப்படுகிறது. முதலில் "கிழக்கு நோக்கு" என்றார்கள். 2014இல் "கிழக்கில் செயல்படு" என்று பெயரை மாற்றினார்கள். பெயர் மாறிய வேகத்தில் பாலங்கள் எழும்பவில்லை. வங்கதேசம், சீனம், இந்தியா, மியான்மர் ஆகிய நான்கு நாடுகளும் 1999இல் குன்மிங்கில் தொடங்கிய முயற்சியின் பயனாக 2013இல் கொல்கத்தாவிலிருந்து குன்மிங் வரை கார்ப் பேரணியே நடந்தது. பின்னர், சீனத்தின் பட்டுப்பாதைத் திட்டத்தோடு அது இணைத்துப் பேசப்பட்டதைக் காரணமாக்கி இந்திய அரசு ஒதுங்கிக்கொண்டது. அந்தத் திட்டம் பிறப்பதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே நான்கு நாட்டு முயற்சி தொடங்கிவிட்டது என்ற எளிய கணக்கு கூடப் பார்க்கப்படவில்லை.

2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் ராணுவம் மீண்டும் ஆட்சியைக் கவிழ்த்தது. கச்சின் மாநிலத்திலும் சகாயிங்கிலும் சின் மலைகளிலும் உள்நாட்டுப் போர் நடக்கிறது. ஸ்டில்வெல் சாலையின் பெரும்பகுதி கச்சின் மண்ணில்தான் ஓடுகிறது. ராணுவ ஆட்சியோடு மட்டும் கையெழுத்திட்டுவிட்டு அந்தச் சாலையைத் திறந்துவிட முடியும் என்று நினைப்பது பகற்கனவு. இந்தப் பக்கத்தில், 2023 மே 3 அன்று மணிப்பூரில் வெடித்த வன்முறை மோரேயையும் எரித்தது. பிளவு அரசியலால் ஒரு மாநிலத்தைத் தீக்கிரையாக்கிவிட்டு, அதன் எல்லை நகரத்தைத் தென்கிழக்காசியாவின் நுழைவாயில் என்று விளம்பரம் செய்கிறது ஒன்றிய ஆட்சி.

அதோடு நிற்கவில்லை. எல்லையின் இருபுறமும் 16 கிலோமீட்டர் வரை விசா இல்லாமல் சென்றுவர மலைவாழ் மக்களுக்கு இருந்த உரிமையை ரத்து செய்வதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தது. பின்னர் அதை 10 கிலோமீட்டராகக் குறுக்கி, அனுமதிச் சீட்டு முறையைப் புகுத்தியது. 1,643 கிலோமீட்டர் எல்லை முழுவதும் வேலி போடப் போவதாகவும் சொல்கிறது. நாகாலாந்தின் லோங்வா கிராமத்தில் எல்லைக்கோடு ஊர்த்தலைவரின் வீட்டுக்குள்ளேயே செல்கிறது. வேலியை அடுப்படியில் போடுவார்களா, திண்ணையில் போடுவார்களா? மிசோரம், நாகாலாந்து சட்டமன்றங்கள் இதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கின்றன. ஒரு கையால் நெடுஞ்சாலை, மறு கையால் முள்வேலி என்பதன் பொருள் தெளிவானது: சரக்குப் பெட்டகம் போகலாம், உறவினர் போகக் கூடாது.

எத்தகைய திறப்பு?

தெற்காசிய நாடுகளின் மொத்த வணிகத்தில் தமக்குள் நடப்பது சுமார் 5 சதவீதம்தான். அண்டை நாட்டோடு வணிகம் செய்வதைவிடப் பிரேசிலோடு வணிகம் செய்வது இந்திய நிறுவனத்துக்கு 20 சதவீதம் மலிவு என்று 2018இல் உலக வங்கியே கணக்கிட்டது. உலக வங்கி இதிலிருந்து எடுக்கும் முடிவு வேறு. தீர்வைகளை எல்லாம் ஒழித்துப் பெருமூலதனத்துக்குக் கதவைத் திறந்துவிடு என்பதே அதன் மருந்து. உழைப்பாளி மக்கள் எடுக்க வேண்டிய முடிவு அதுவல்ல.

2011இல் மேகாலயாவின் காலாய்சார் எல்லையில் திறக்கப்பட்ட எல்லைச் சந்தையை இதற்கு எடுத்துக்காட்டாகப் பார்க்கலாம். சுற்றுவட்டாரத்தில் 5 கிலோமீட்டருக்குள் வாழ்பவர்கள், உள்ளூரில் விளைந்ததையும் செய்ததையும், தீர்வை இல்லாமல், தத்தம் நாட்டு நாணயத்திலேயே விற்கவும் வாங்கவும் அனுமதிக்கப்பட்டார்கள். ஒருவர் வாங்கக்கூடிய அளவுக்கும் வரம்பு இருந்தது. பெருவணிகன் நுழைய வழியில்லாத ஏற்பாடு அது. பாங்சாவ் கணவாயிலும் இரு நாட்டுக் கிராமத்தாரும் மாதத்தில் குறித்த நாட்களில் சென்று பொருள் வாங்கும் வழக்கம் இருந்துவந்தது. முழு நெடுஞ்சாலை வரும்வரை காத்திராமல், இவற்றை எல்லை நெடுகிலும் பெருக்குவதற்குத் தடை ஒன்றுமில்லை.

மலிவான இறக்குமதி வந்து குவிந்தால் உள்ளூர்க் கைத்தறியும் சிறு உற்பத்தியும் அழியாதா என்ற அச்சம் கட்சித் தோழர்களிடமே உண்டு. அது பொருட்படுத்த வேண்டிய அச்சம்தான். அந்தப் பொருள்கள் இன்றும் கள்ளவழியில் மோரே வரை வந்துகொண்டுதான் இருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லையை மூடினால் பொருள் நிற்பதில்லை. கூலியும் லஞ்சமும்தான் கைமாறுகின்றன. எனவே எந்தப் பொருள், எந்த அளவில் என்பதை டெல்லியின் அலுவலகம் முடிவு செய்வதற்குப் பதிலாக மாநில அரசுகளும் எல்லைப் பகுதியின் உற்பத்தியாளர்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். சாலைக்கு எடுக்கப்படும் நிலத்துக்குப் பழங்குடி மக்களின் ஒப்புதல், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி இழப்பீடு, சுமைதூக்குவோருக்கும் ஓட்டுநர்களுக்கும் பதிவும் சமூகப் பாதுகாப்பும், அரசியல் நெருக்கடியில் வாசல் மூடப்பட்டால் அவர்களுக்கு நிவாரணம் ஆகியவை திறப்புக்கான நிபந்தனைகளாக முன்வைக்கப்பட வேண்டும்.

2025 ஆகஸ்டில் டெல்லியில் நடந்த பேச்சுவார்த்தையில் லிப்புலேக், ஷிப்கி லா, நாது லா ஆகிய மூன்று கணவாய்கள் வழியாக எல்லை வணிகத்தை மீண்டும் தொடங்க இந்தியாவும் சீனமும் ஒப்புக்கொண்டன. வரவேற்கத்தக்க முடிவு. ஆனால் யாக் வால் பட்டியலோடு மறுபடி திறந்தால் அது படம் எடுத்துக்கொள்ளத்தான் உதவும். லிப்புலேக் தனக்குரிய பகுதி என்று நேபாளம் உடனடியாக ஆட்சேபம் தெரிவித்திருக்கிறது. 1816 சுகௌலி உடன்படிக்கையிலிருந்து தொடரும் அந்தச் சிக்கலை இரு பெரிய நாடுகள் தமக்குள் பேசி முடித்துக்கொள்ள முடியாது. காட்மாண்டுவையும் அதே மேசைக்கு அழைத்து, அந்தக் கணவாயின் மூன்று பக்கத்துக் கிராமங்களும் பங்குபெறும் சந்தையாக அதை அமைப்பதற்கான பேச்சை இந்திய அரசு தொடங்க வேண்டும்.